தகிட தகிட தகிட தக: ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் பிழைத்த விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1971 அக்டோபர் 29, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊர். ‘ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்’ என்ற ராக் இசைக்குழுவின் தலைவரும் கிடார் கலைஞருமான டுவெய்ன் ஆல்மன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், எதிரே ஒரு லாரி திரும்பியது, ஒதுங்கப் போய் வண்டி சறுக்கி விழுந்து அன்றைக்கே இறந்துபோனார். வயது 24. அவர் உருவாக்கிய குழுவின் நேரடிக் கச்சேரிப் பதிவு, ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’, அந்த மாதம்தான் 'கோல்டு' என்ற விற்பனை அந்தஸ்து பெற்றிருந்தது. இரண்டரை வருடம் வேனில் சுற்றிச் சுற்றி வாசித்ததற்கு முதல் பலன் கைக்கு வந்த நேரம். ஒரு வருடம் கழித்து, 1972 நவம்பர் 11-ல், டுவெய்ன் விழுந்த இடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, குழுவின் பேஸ் கிடார் கலைஞர் பெரி ஓக்லியின் மோட்டார் சைக்கிள் ஒரு பஸ்ஸில் மோதியது. அவருக்கும் 24 வயதுதான்.

இந்த இடத்தில் பெரும்பாலான குழுக்களின் கதை முடிந்துவிடும். இவர்கள் கதை முடியவில்லை. 1973-ல் அவர்களுடைய அடுத்த இசைத்தட்டு அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் போதை, வழக்கு, சண்டை, இரண்டு முறை கலைந்து இரண்டு முறை கூடியது, எல்லாவற்றையும் கடந்து 2014 அக்டோபர் வரை மேடையில் நின்றார்கள். தலைவனை 24 வயதில் இழந்த குழு 45 வருடம் நின்றது எப்படி என்பதுதான் இங்கே நான் பார்க்க விரும்புவது. பல வருடம் கேட்ட பிறகு எனக்குக் கிடைத்த பதில் இது: டுவெய்ன் விட்டுப்போனது ஒரு பாணியை அல்ல, ஒரு கேட்கும் பழக்கத்தை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அவர்கள் யார் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதில் போய் நிற்கிறது.

ராத்திரி ரேடியோ

டுவெய்ன் 1946-லும் தம்பி கிரெக் 1947-லும் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பிறந்தார்கள். அப்பா ராணுவத்தில் இருந்தவர். 1949 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாவம் என்று காரில் ஏற்றிக்கொண்ட ஒருவனே அவரைச் சுட்டுக் கொன்றான். அம்மா ஜெரால்டின் தனியாளாக இரண்டு பையன்களையும் வளர்த்தார். 1959-ல் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சுக்குக் குடிபோனார்கள். முதலில் கிடார் வாங்கியது தம்பிதான். அண்ணனுக்கு ஒரு சின்ன ஹார்லி மோட்டார் சைக்கிள். அண்ணன் அதை ஓட்டி உடைத்துவிட்டுத் தம்பியின் கிடாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார், இரண்டு பேருக்கும் அடிதடி, கடைசியில் உடைந்த வண்டியின் பாகங்களை விற்றுத் தனக்கென்று ஒரு கிடார் வாங்கினார். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் எல்லாம் பேருக்குத்தான்.

விடுமுறைக்கு நாஷ்வில்லில் பாட்டி வீட்டுக்குப் போனபோது புளூஸ் கிடார் கலைஞர் பி.பி. கிங் வாசிப்பதை நேரில் பார்த்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது ராத்திரி ரேடியோ. நாஷ்வில்லில் இருந்து ஒலிபரப்பான டபிள்யூ.எல்.ஏ.சி. நிலையம் இரவு முழுக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருக்கும், அதன் அலை அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் முழுக்க எட்டும். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே ஓட்டலில் உட்கார முடியாத காலம் அது. ஆனால் ரேடியோவுக்குச் சுவர் கிடையாது. போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்ட வெள்ளைக்காரப் பையன்கள் எத்தனையோ பேர், அவர்களில் இந்த இருவரும் உண்டு. கிரெக்கின் குரலில் இருக்கும் அந்தக் கரகரப்பும் வலியும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் கை முதலில் காட்டுவது இந்த ரேடியோவைத்தான்.

1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் 'ஹவர் கிளாஸ்' என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டு வெளியிட்டார்கள். என்ன பாடுவது என்பதை கம்பெனி முடிவு செய்தது. இரண்டும் ஓடவில்லை. டுவெய்னுக்கு வெறுத்துப்போய்விட்டது. அந்தக் காலத்தில் நடந்த ஒரு நல்ல விஷயம், ஒரு பிறந்தநாளன்று சளி பிடித்துப் படுத்திருந்த அண்ணனுக்குத் தம்பி இரண்டு பொருளைக் கொடுத்தார்: தாஜ் மஹால் என்ற புளூஸ் பாடகரின் இசைத்தட்டு ஒன்று, கோரிசிடின் என்ற சளி மாத்திரைக் குப்பி ஒன்று. அந்தத் தட்டில் ‘ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்’ பாட்டுக்கு ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசித்த ஸ்லைடு கிடாரைக் கேட்ட டுவெய்ன், மாத்திரையைக் கொட்டிவிட்டு லேபிளைக் கழுவி எடுத்து, காலிக் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு தந்தியில் வழுக்கிப் பார்த்தார். கோட்டுவாத்தியம் கேட்டிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறாமல் சறுக்கிக்கொண்டே போகும் சங்கதி. சில மாதங்களில் அந்த வாசிப்பு மனிதக் குரல் மாதிரி பேச ஆரம்பித்தது. பாட்டின் மூலம் ஜார்ஜியாவின் பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928-ல் பாடியது. ஜார்ஜியாவில் இருந்து கிளம்பிய பாட்டு நாற்பது வருடம் சுற்றிக் கலிஃபோர்னியா வழியாக மறுபடி ஜார்ஜியாவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அப்புறம் அலபாமாவின் மசில் ஷோல்ஸ். ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போனார் டுவெய்ன். இடமில்லை என்றதும் ஸ்டுடியோ வண்டி நிறுத்துமிடத்திலேயே கூடாரம் அடித்துவிட்டார் என்று ரிக் ஹாலே சொல்லியிருக்கிறார். 1968 நவம்பரில் சோல் பாடகர் வில்சன் பிக்கெட் பதிவுக்கு வந்தார். மத்தியானம் எல்லோரும் வெளியே சாப்பிடப் போனார்கள். கறுப்பரான பிக்கெட்டும் நீள முடி வைத்த டுவெய்னும் அந்த ஊர் ஓட்டலுக்குப் போனால் வம்புதான், அதனால் இரண்டு பேரும் ஸ்டுடியோவிலேயே இருந்துவிட்டார்கள். பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ பாட்டை நாமும் பதியலாம் என்று டுவெய்ன் சொன்னது அந்த இடைவேளையில்தான். பீட்டில்ஸின் பாட்டே இன்னும் பட்டியலில் ஓடிக்கொண்டிருக்கிறது, பைத்தியமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பதிவாகிவிட்டது. அதன் கடைசிப் பகுதியில் பிக்கெட் கத்தக் கத்த டுவெய்னின் கிடார் பதில் சொல்லிக்கொண்டே போவதைக் காரில் ரேடியோவில் கேட்ட ஆங்கிலேய கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் யார் இந்த ஆள் என்று விசாரித்தார். 1970-ல் மயாமியில் இருவரும் சேர்ந்து ‘லேலா’ இசைத்தட்டில் வாசித்தது அந்த விசாரிப்பின் தொடர்ச்சி.

ஜெய்மோ கொண்டுவந்தது

மசில் ஷோல்ஸுக்கு டுவெய்னைத் தேடி வந்தவர் ஜெய்மோ, முழுப்பெயர் ஜெய் ஜொஹானி ஜொஹான்சன். மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பின டிரம்ஸ் கலைஞர். ஓட்டிஸ் ரெடிங், பெர்சி ஸ்லெட்ஜ் ஆகிய சோல் பாடகர்களின் கச்சேரிகளில் வாசித்தவர். பிழைப்பு சோல் இசை என்றாலும் மனசு முழுக்க ஜாஸ். ஜாஸ் மேதைகள் மைல்ஸ் டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் டுவெய்னின் காதுக்குள் ஆழமாக இறங்கியது ஜெய்மோவால்தான். பின்னாளில் டுவெய்ன் சொன்னார், தன் வாசிப்புக்கு அடித்தளமே அந்த இருவரும்தான், மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டைக் கேட்டுக் கேட்டு இரண்டு வருடமாக வேறெதையும் அதிகம் கேட்கவில்லை என்று.

இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 'சதர்ன் ராக்', அதாவது தெற்கத்தி ராக், என்றதும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது விஸ்கி, பிக்கப் டிரக், சத்தமான மூன்று கிடார். அந்த வகைக்கே தகப்பன் என்று சொல்லப்படும் குழுவின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 1959-ல் நியூயார்க்கில் பதிவான ஒரு அமைதியான ஜாஸ் தட்டு. ஒரே ஒரு ஸ்வரக்கட்டில் நின்றுகொண்டு அவசரமில்லாமல் மணிக்கணக்கில் விரித்துப் போகலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் நான் சொன்ன பழக்கம். 'சதர்ன் ராக்' என்ற பெயரே கிரெக்குக்குப் பிடிக்காது. ராக் இசை பிறந்ததே தெற்கில்தான், அப்படியிருக்க அந்தப் பெயர் 'ராக் ராக்' என்று சொல்வதுபோல இருக்கிறது என்பார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

1969 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு வீட்டில் கூடினார்கள். டுவெய்ன், ஜெய்மோ, பெரி ஓக்லி, இன்னொரு கிடாருக்கு டிக்கி பெட்ஸ், இன்னொரு டிரம்ஸுக்கு புட்ச் டிரக்ஸ். மணிக்கணக்கில் நிறுத்தாமல் வாசித்து முடித்ததும் டுவெய்ன் வாசலை மறித்துக்கொண்டு, என் குழுவில் சேராதவன் என்னோடு சண்டை போட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றாராம். யாரும் போகவில்லை. பாடுவதற்கு ஆள் இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த தம்பிக்குப் போன் போனது. மார்ச் 26-ல் கிரெக் வந்து சேர்ந்தபோது அந்த ஐந்து பேரும் வாசித்ததைக் கேட்டு மிரண்டுவிட்டார், தன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று பின்வாங்கினார். அண்ணன் விடவில்லை. புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் ‘டிரபிள் நோ மோர்’ பாட்டைப் பாடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அன்றோடு ஆறு பேர் ஆனார்கள்.

இரண்டு டிரம்ஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வைத்திருக்கிறாரே என்பது டுவெய்னின் பதில். புட்ச் ரயில் மாதிரி நேராக ஓட்டுவார். ஜெய்மோ அந்த ரயிலுக்குள் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார். பெட்ஸ் வளர்ந்தது நாட்டுப்புறப் பிடில் இசையிலும் கன்ட்ரியிலும் வெஸ்டர்ன் ஸ்விங்கிலும், ஆகவே இரண்டு பிடில்கள் சேர்ந்து ஒரே மெட்டை இரண்டு வேறு சுரங்களில் இணையாக இழைப்பது அவருக்குப் பழகிய விஷயம். அதை இரண்டு மின்கிடாரில் கொண்டுவந்தபோது இந்தக் குழுவின் அடையாளக் குரல் பிறந்தது. ஓக்லி சிகாகோக்காரர், அவர் பேஸ் கிடார் அடியில் உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருக்காது, தானும் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே வரும்.

பதினோரு அடி

கிட்டப் போய்ப் பார்க்க ஒரு பாட்டு போதும். குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி கிரெக்குக்கு ஒரு பாட்டு வந்தது. தங்கியிருந்த வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, விளக்குப் போட முடியாது, பேப்பரும் கிடைக்கவில்லை. சமையலறைத் தீக்குச்சியை உரசி ஊதி அணைத்து, அந்தக் கரியால் இஸ்திரி மேசையின் துணி உறையில் எழுதினார். குச்சி தீரத் தீர அடுத்த குச்சி. அந்தப் பாட்டு ‘விப்பிங் போஸ்ட்’.

தொடக்கத்தில் பேஸ் கிடார் தனியாக வருகிறதே, அதை விரலில் எண்ணிப் பாருங்கள். தகிட தகிட தகிட தக. மூன்று மூன்று மூன்று இரண்டு, மொத்தம் பதினொன்று. நமக்கு வாயில் சொல்லிவிட்டால் முடிந்தது. ராக் இசையில் நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுக்கு இது கால் தடுக்குகிற இடம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி குறைவதுபோல, யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல இருக்கும். பாட்டின் பொருளே கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கப்படுகிறவனின் வேதனைதான், தாளம் அதைச் சொல்லிவிடுகிறது. உனக்குப் பதினோரு அடி தெரியும் என்று எனக்குத் தெரியாதே என அண்ணன் பாராட்டியபோது, அப்படியென்றால் என்ன என்று கேட்டாராம் கிரெக். அவருக்கு அது கணக்கே இல்லை, கேட்டதிலிருந்து வந்தது.

மேக்கன்

ஓட்டிஸ் ரெடிங்கின் மேலாளராக இருந்த ஃபில் வால்டன் மேக்கன் ஊர்க்காரர். ஓட்டிஸ் 1967-ல் விமான விபத்தில் இறந்த பிறகு அவர் அடுத்து நம்பியது டுவெய்னை. கேப்ரிகார்ன் என்ற கம்பெனியைத் தொடங்கி 1969-ல் ஆறு பேரையும் மேக்கனுக்கு அழைத்துக்கொண்டார். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த, நீள முடி வைத்த கூட்டம் அந்த ஊர் தெருவில் நடந்தாலே முறைப்பார்கள். கையில் காசும் இல்லை. எச் அண்ட் எச் என்று ஒரு சின்ன ஓட்டல், இரண்டு கறுப்பினப் பெண்கள் நடத்தியது. ஆறு பேர் போய் இரண்டு தட்டு மட்டும் சொல்லிவிட்டுக் கூடுதலாக முள்கரண்டி கேட்டதைப் பார்த்த லூயிஸ் ஹட்சன், ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். காசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பின்னால் பெரிய ஆளான பிறகு அவரைக் கச்சேரிப் பயணத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

இரவுகளில் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அங்கே ஒரு கல்லறையில் கண்ட பெயரைத்தான் பெட்ஸ் தன் முதல் வாத்திய இசைக்கு வைத்தார்: ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’. கோல்ட்ரேனும் பிடிலும் சந்திக்கிற இடம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் கொடுப்பேன்.

1969-ல் வந்த முதல் இசைத்தட்டு விற்கவில்லை. அடுத்த வருடம் வந்ததும் சுமார்தான். ஆனால் 1970-ல் மட்டும் 300 நாளுக்கு மேல் ஊர் ஊராக வாசித்தார்கள், ஒரு ஃபோர்டு வேனில் ஆளும் சாமானும் அடைந்துகொண்டு. ஸ்டுடியோவில் நம் சரக்கு வராது, மேடையில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது அந்த வருடம்தான். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பாளர் டாம் டவுட், கோல்ட்ரேனைப் பதிவு செய்தவர். அந்தக் கைக்கு இந்தக் குழு கிடைத்ததை நான் பெரிய அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். முதல் நாள் டுவெய்ன் ஊதுவாத்தியக்காரர்களையும் மேடையேற்றிவிட்டார், சுருதி சேரவில்லை, டவுட் பதறிப்போய் அவர்களை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு ராத்திரியும் கச்சேரி முடிந்ததும் பீரும் சாண்ட்விச்சும் வாங்கிக்கொண்டு அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்குப் போய் அன்றைய பதிவை உட்கார்ந்து கேட்டார்கள், எது தேறியது, நாளைக்கு எதை மறுபடி வாசிக்க வேண்டும் என்று.

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மணிக்கணக்கில் வாசித்து வியர்வை காயாமல் வந்து, தாங்கள் வாசித்ததையே திரும்பக் கேட்கிறார்கள். அந்தத் தட்டில் ‘விப்பிங் போஸ்ட்’ 23 நிமிடம். ‘யூ டோன்ட் லவ் மீ’ 19 நிமிடம், நடுவில் மற்றவர்கள் எல்லோரும் நின்றுவிட, டுவெய்ன் தனியாக வாசிக்கிற இடத்தில் கூட்டம் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். உறையின் பின்பக்கத்தில் சாமான் தூக்குகிற ஊழியர்களின் படம்தான் இருக்க வேண்டும் என்று டுவெய்ன் சொன்னார், அப்படியே அச்சானது.

போன பிறகு

சரி, இப்போது முதல் கேள்விக்கு வரலாம். டுவெய்ன் போனதும் என்ன செய்தார்கள்? எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிவது அவர்கள் செய்யாத ஒன்று. அவர் இடத்துக்கு இன்னொரு கிடார் கலைஞரைத் தேடவில்லை. ஐந்து பேராகவே ஊர் ஊராக வாசித்தார்கள். பெட்ஸ் டுவெய்னின் ஸ்லைடையும் சேர்த்துச் சுமந்தார். பிறகு 1972-ல் சேர்த்துக்கொண்டது ஒரு பியானோக்காரரை, சக் லெவல், அப்போது இருபது வயதுதான். அண்ணன் வாசித்த அதே வரியை இன்னொருவர் நகல் எடுத்திருந்தால் அது அஞ்சலிக் கச்சேரியாகச் சுருங்கியிருக்கும். பியானோ வந்ததும் மற்றவர்கள் புதிதாகக் கேட்க வேண்டியதாயிற்று. அதனால்தான் ‘ஜெசிகா’ வந்தது. இடது கையில் இரண்டு விரலை மட்டும் வைத்து வாசித்த ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டை நினைத்துக்கொண்டு, இரண்டு விரலிலேயே வாசிக்கக்கூடிய மெட்டு ஒன்று வேண்டும் என்று பெட்ஸ் கட்டியது, தன் குழந்தை மகள் பெயரில். வீட்டில் அந்தக் குழந்தை துள்ளித் திரிந்ததைப் பார்த்துத்தான் மெட்டு பிடிபட்டதாம்.

ஓக்லி இறப்பதற்கு முன் வாசித்துவிட்டுப் போன ‘ராம்ப்ளின் மேன்’ 1973-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அந்த ஜூலையில் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட் ஆகிய குழுக்களோடு இவர்கள் வாசித்தபோது கூடிய கூட்டம் சுமார் 6 லட்சம்.

விழுந்ததும் வேகமாகத்தான். பணம், தனி விமானம், கொக்கெய்ன், ஆளுக்கொரு ஊரில் வாழ்க்கை. 1976-ல் போதைப்பொருள் வழக்கில் கிரெக் தங்கள் குழுவிலேயே வேலை பார்த்த ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார், அந்த ஊழியருக்கு 75 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது (மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது). மற்றவர்கள் இனி இவனோடு மேடையேற மாட்டோம் என்றார்கள். உறையின் பின்பக்கத்தில் ஊழியர்களின் படத்தைப் போட்ட குழு இது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும். 1978-ல் மறுபடி கூடி 1982-ல் மறுபடி பிரிந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அந்த வருடங்களின் தட்டுகளில் யாரும் யாரையும் கேட்கவில்லை என்பது என் கருத்து.

1989-ல் கூடியபோது இரண்டாவது கிடாருக்கு வாரன் ஹெய்ன்ஸ் வந்தார். 1999-ல் புட்ச்சின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை டெரெக் டிரக்ஸ் சேர்ந்தார், வயது இருபது. டெரெக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். விரலில் கண்ணாடிக் குப்பி போட்ட ஸ்லைடுதான், ஆனால் அலி அக்பர் கானின் சரோதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் என்பதால் சுரத்தைத் தொடும் முன் அதைச் சுற்றி ஒரு வளைவு வரும். டுவெய்னின் இடத்தில் நின்றுகொண்டு டுவெய்ன் வாசிக்காததை வாசித்தார். அதுதான் டுவெய்ன் ஜெய்மோவிடம் கற்றது.

2000-ல் பெட்ஸை ஃபேக்ஸ் அனுப்பி விலக்கினார்கள். குடியால் வாசிப்பு கெட்டுவிட்டது என்பது மற்றவர்கள் பக்கக் காரணம். அவருக்கு அது ஆறாத காயம். முப்பது வருடம் உடன் நின்றவரிடம் நேரில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது, இந்தக் கதையில் எனக்குச் செரிக்காத இடம் இது ஒன்றுதான்.

கடைசிக் கச்சேரி 2014 அக்டோபர் 28, நியூயார்க்கின் பீக்கன் அரங்கம். நள்ளிரவைத் தாண்டி ஓடியதால் தேதி 29 ஆகிவிட்டது, டுவெய்ன் இறந்த நாள். திரும்ப வந்து ‘விப்பிங் போஸ்ட்’ வாசித்தார்கள். பிறகு மூன்று பழைய ஆட்களும், கிரெக், புட்ச், ஜெய்மோ, மேடை விளிம்புக்கு வந்து வணங்கினார்கள். நாங்கள் சேர்ந்து வாசித்த முதல் பாட்டு இது என்று சொல்லிவிட்டு, ஜாக்சன்வில் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பாடிய அதே ‘டிரபிள் நோ மோர்’ பாட்டை கிரெக் பாடினார். டுவெய்னின் பகுதியை டெரெக் வாசித்தார். ஜெய்மோ அதே பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டு அடித்தார். அதோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.